வெடியில்லாத மாப்பிள்ளை அழைப்பு

பசங்களா, உங்கம்மா ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டார்கள். ஏரி மரங்களில் நாரைகள் கூடு கட்டும். அதுங்க எச்சம் விழுந்த தண்ணி வயலில் பாய்ந்தால் தனியாக உரமே வேண்டாமாம். அதனால் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே ஊர்க் கட்டுப்பாடு. கடலோரத்தில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியாது.

எங்கள் கல்யாணம் தை மாசம். மாப்பிள்ளை அழைப்புக்கு மாமல்லபுரத்திலிருந்து வேன் நிறைய ஆட்களும் ஒரு பெட்டி சரவெடியுமாகக் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டும்போது உங்கம்மா போன் செய்தாள்.

"ஏங்க, வெடி எடுத்துகினு வரீங்களாமே? கூட்டுல குஞ்சு கீது. தாய் மெரண்டு பறந்தா குஞ்சு தவறி வுழும். ஏரிக்கரையில ஒரு வெடி வெடிச்சாலும் நான் மாலைக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்."

அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவளா? உங்களுக்கே தெரியும். பெட்டியை மடியில் வைத்திருந்த கூட்டாளியிடம் வெடி வேண்டாம் என்றேன்.

"இன்னா மச்சான், பொண்ணு வூட்ல யாருக்கானா ஒடம்பு சரியில்லியா?"

"இல்லடா, நாரை குஞ்சு பொரிச்சிருக்குது."

"சாவுக்கே சரவெடி போடறவங்கடா நாம! நாரைக்காக உன்ன ஊமை ஊர்வலமா இட்டுகினு போவணுமா?"

"சரி, வெடிச்சுக்கோ. அப்புறம் தாலிய நாரை கழுத்துலதான் கட்டணும்."

வேனே சிரித்தது. அவன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஏரிக்கரையில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. மேளக்காரர்களும் அடிக்காமல் நடந்தார்கள். கூட்டாளி பெட்டியை இடுக்கிக்கொண்டே வந்தான். எனக்கு அவன் கைமேலேயே கண்.

அப்போது தலைக்குமேல் வந்தது பாருங்க, மஞ்சள் மூக்கு நாரைக் கூட்டம்! கொக்கு கழுத்தை மடித்துப் பறக்கும். இது ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு பறக்கும். வால் பக்கம் ரோஸ் பூசினாற்போல. ஒவ்வொன்றாகக் கூட்டில் இறங்க இறங்க, மரமெல்லாம் கடகடகடவென்று சத்தம். வளர்ந்த நாரைக்குச் சொல்லும்படி குரல் கிடையாதாம். அலகைத் தட்டித்தான் ஜோடியை வரவேற்குமாம். கொக்குக்குக் கூழைக்கடாதான் கிட்டத்துச் சொந்தம், நாரை தனிக் குடும்பம் என்று பிற்பாடு நீங்கள்தானே படித்துச் சொன்னீர்கள்? அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"டேய் மச்சான், இதுங்களே மேளம் அடிக்குதுடா" என்றான் கூட்டாளி, ரகசியம் பேசுகிற குரலில். திரும்பி நடந்து பெட்டியை வேனில் வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் மேடையில் மாலையோடு நின்றேன்.

"வெடி?" என்று கேட்டாள் உங்கம்மா.

"வேன்ல கீது. திரி கிள்ளல."

மாலை வாங்கத் தலையைக் குனிந்தாள்.