வெறும் வயிற்றோடு வந்த மான்

கல்யாணமாகி ஏழு வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காகவே என் மனைவி அந்த வருடம் கந்தசட்டி விரதம் பிடித்தாள். ஆறு நாளும் பாலும் பழமும்தான். "நீங்களும் மச்சம் மாமிசம் தொடாதேங்கோ, பொய் சொல்லாதேங்கோ, அது காணும்" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

கனடாவில், மிசிசாகாவில் என்னோடு வேலை செய்யும் ரவி அண்ணை வருடாவருடம் மான் வேட்டைக்குப் போகிறவர். "இந்தக் கிழமையை விட்டால் சரிவராது. ஆண் மான் பெண் மானைத் தேடித் திரியிற நேரம். அதுக்குப் பயமே தெரியாது" என்றார். லைசென்ஸ் எடுத்துவிட்டு அந்த ஒரு வாரத்துக்காகவே காத்திருந்தவன் நான். விரதத்தின் ஐந்தாம் நாள், ஓவர்டைம் என்று அவளிடம் சொல்லிவிட்டு அண்ணையோடு வடக்கே காட்டுக்குப் போனேன்.

அண்ணை பெண் மானைப்போலக் குரல் கொடுத்தார். கொம்பன் மான் ஒன்று நேராக எங்களிடமே வந்தது. சுட்டேன்.

வயிற்றைக் கிழித்தபோது இரைப்பை சுருங்கிக் கிடந்தது. "உவர் பெண் தேடித் திரியிற இந்த நாளையில ஒழுங்காச் சாப்பிடமாட்டார்" என்றார் அண்ணை, மானைக் காட்டி, சாதாரணமாக. அதன்பிறகு என் கத்தி நகரவில்லை. என் பங்கு இறைச்சியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் உதடு காய்ந்து, சுவரில் சாய்ந்திருந்தாள். "களைச்சுப்போனீங்கள். சாப்பிட்டனீங்களோ?" என்றாள்.

எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனால் அடுத்த வருடமும் குழந்தை இல்லை என்றானபோது அவள் சொன்னாள்: "என்ரை விரதத்தில ஏதோ பிழை விட்டிட்டன் போல கிடக்கு."

பிழை விட்டது நீர் இல்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தேத்தண்ணி போடட்டோ?" என்றுதான் வந்தது.