அருள்நாதனின் முப்பத்திரண்டு மூடிகள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பூன் லேயில் எங்கள் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், வெந்நீர்ப் பாத்திரத்தை ஜன்னலோரத்திலிருந்து தூணோரத்துக்கு மாற்றுவது என்று முடிவானது. மூன்று வாரம் ஆலோசித்து ஐந்து பேர் கையெழுத்திட்ட முடிவு. இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வந்தபோது தொலைபேசி ஒலித்தது. அருள்நாதன் காலையில் கிளமெண்டி பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார், மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது என்றார்கள். தூக்கியவர்கள் பாத்திரத்தை அங்கேயே நடுவழியில் இறக்கி வைத்தார்கள்.

தேவாலயத் தமிழ்ச் சங்க மலருக்கு வேறொரு கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் அருள் ஒரு தவறும் செய்யவில்லை. இது, மூன்றாம் மாடியில் அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்த உங்கள் நாலைந்து பேருக்கு மட்டும். வழிதவறி வேறு யார் கைக்காவது போனால் புரியட்டும் என்று எங்கள் வேலையையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணினி இன்னொரு கணினிக்கு அனுப்பும் செய்தி, கேபிள் வழியாகச் சிறுசிறு பாக்கெட்டுகளாக வரும். வந்ததை வைக்க நினைவகத்தில் முப்பத்திரண்டு இடங்கள் ஒதுக்கியிருந்தோம். ஒவ்வொன்றும் ஒரு பஃபர். அருள் எழுதிய டிரைவர், அதாவது கேபிளைக் கவனிக்கும் புரோகிராம், ஒரு பஃபரை எடுத்து, பாக்கெட்டை அதில் போட்டு, நான் எழுதிய புரோகிராமிடம் தரும். என் வேலை முடிந்ததும் நான் பஃபரைப் பொதுவில் திருப்பி வைக்க வேண்டும். யாராவது வைக்க மறந்துகொண்டே இருந்தால் முப்பத்திரண்டும் தீர்ந்து, கணினி எதையும் கேட்காமல் நின்றுவிடும். எங்கள் கணினி தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் நின்றது.

அருளிடம் முப்பத்திரண்டு சோடா மூடிகள் இருந்தன. மூடி ஒவ்வொன்றும் ஒரு பஃபர். மேசை நடுவில் பொதுவுக்கு ஒரு தட்டு, அவர் முன் ஒரு சாசர், என் முன் ஒரு சாசர். புரோகிராமை வரிவரியாகப் படித்து, பாக்கெட் போகும் வழியெல்லாம் மூடியை நகர்த்துவோம். "யார் சாசர்ல இருக்கோ அவன்தான் பதில் சொல்லணும்" என்பார். இயக்குநர் கூட்டம் நடத்துவதைவிட மரியாதையாக அந்த மூடிகளை நகர்த்துவார்.

கடைசியில் மேலாளர் திரு. லிம், தவறு யாருடையதோ அவர் குழுவில் இருக்க வேண்டாம் என்றார். ஒரு வியாழக்கிழமை அவர் எதிரிலேயே மூடிகளை நகர்த்தினோம். ஒரு நீண்ட செய்தியின் பாக்கெட்டுகள் முன்பின்னாக வந்தால், மீதி வரும்வரை முன்னால் வந்ததை நான் பிடித்து வைத்திருப்பேன். எல்லாம் வந்ததும் திருப்பிவிடுவேன். என் சாசரில் நான்கு மூடிகள் இருந்தபோது அருள் கையை எடுத்தார். "இதான் சார் பிரச்சினை" என்றார். லிம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு மூடி வந்திருந்தால் நான்கும் தட்டுக்குப் போயிருக்கும் என்று நான் சொல்லத் தொடங்கியபோது அவர் எழுந்துவிட்டார்.

மறுவாரம் என்னைக் கையேடு எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் போன பிறகு கணினி ஒருநாளும் நிற்கவில்லை. என் குற்றத்துக்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கையேட்டுக்காரன் என்ற முறையில் எல்லாத் திருத்தக் குறிப்புகளும் என் மேசைக்கு வரத் தொடங்கின. மூன்றாவதாக வந்தது அருளுடையது. லிஃப்ட் ஓடும்போதெல்லாம் கேபிளில் சில பாக்கெட்டுகள் சிதைந்தன; சிதைந்ததை டிரைவர் தூக்கி எறிந்தது, பஃபரைத் திருப்பவில்லை; இப்போது திருப்புகிறது. இவ்வளவுதான் குறிப்பு. எல்லாரும் சாப்பிடப் போகும் வேளையில்தான் லிஃப்ட் ஓயாமல் ஓடும். திருத்தத்தைக் கணினியில் ஏற்றியது நான் மாறிப் போன வாரம். கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதி, நாங்கள் மூடி நகர்த்திய வியாழனுக்கு முந்தைய திங்கள்.

சிராங்கூன் சாலைக் கடையொன்றில் சாப்பிடும்போது அந்தத் தாளை அவருடைய இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். ரசம் படாமல் அதைத் தள்ளி வைத்தார்.

"திங்கக்கிழமையே தெரியுமா?"

"தெரியும் லா."

"அப்ப வியாழக்கிழமை ஏன் வாயத் திறக்கல?"

"திறந்திருந்தா நான் போயிருப்பேன். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, மூணாவது வரப்போகுது. உனக்குக் கல்யாணமே ஆகல."

"கல்யாணம் ஆகலன்னா கையேடு எழுதணுமா?"

"நீ நல்லா எழுதுவ சேகர். நான் எழுதுனா படிக்கிறவன் மெஷின ஜன்னல் வழியா வீசிடுவான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எனக்குச் செய்ததில் நான் மன்னிக்காதது அந்தச் சிரிப்பைத்தான். லிம்மிடம் போய்ச் சொல்வதாக அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு மூன்று ஆண்டுகள் அவருடைய டிரைவரைப் புகழ்ந்து நான் கையேடு எழுதினேன். உண்மையிலேயே நல்ல டிரைவர் அது.

புக்கிட் மேராவில் அவருடைய அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். லிம் ஓய்வுபெற்றபின் வந்த மேலாளர் திருமதி கோ என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "நீங்கள் முன்பு டிரைவர் குழுவில் இருந்ததாகக் கோப்பில் பார்த்தேன். அருளின் இடத்துக்குத் திரும்பி வர விருப்பமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். மூன்று ஆண்டுகளாக அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

நான் அதைச் சொல்வதற்குள் அருளின் மனைவி பிலோமினா வந்துவிட்டார். மூன்றாவது பிள்ளை இடுப்பில் இருந்தது. மேலாளருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் பேசினார். "இவரைப் பற்றி வீட்டில் அடிக்கடி சொல்வார். எல்லாரும் டிரைவர் குழுவுக்குப் போட்டி போடும்போது, சேகர் ஒருவர்தான் அந்த வேலை பிடிக்காமல் தானே கேட்டுக் கையேடு பக்கம் போனாராம். அப்படித்தானே?"

திருமதி கோ என்னைப் பார்த்தார். அருளின் பெரிய பெண்ணும் பார்த்தாள்.

"ஆமாம்," என்றேன். "நானேதான் கேட்டேன்."

அருளிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம். யார் எதை விளக்கிக் காட்டினாலும், காட்டாமல் விட்டது எது என்று தேடுகிறேன். நான் எழுதும் கையேடுகளில், இந்த இயந்திரம் எப்போது வேலை செய்யாது என்ற அத்தியாயம்தான் நீளமானது. அதைப் படித்துவிட்டு வாடிக்கையாளர்கள் நன்றி சொல்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அருளின் மேசைக்குச் சோதனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார்.