நாலு குழாய் என்றார் தெரேசாக்கா

தேக்கா சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்மணிதான் சொன்னார், தெரேசாக்கா காலமாகிவிட்டார் என்று. "எந்தத் தெரேசா?" என்று கேட்டேன். முந்தின நாள்தான் லிப்டில் என்னோடு வந்தார். அவர் போய் ஒரு மாதமாகிவிட்டது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் பிடோக் அடுக்குமாடி புளோக்கில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸ். சில வருடங்களுக்கு முன் என் கழுத்தில் கட்டி, தைராய்டின் பெரும்பகுதியை எடுக்க வேண்டும் என்றபோது நான் ஓடியது அவரிடம்தான். மகளுக்கு அப்போது எட்டு மாதம். என் பாட்டுக் கேட்டால்தான் தூங்குவாள். குரல் போய்விட்டால்?

"ரத்தக் குழாயெல்லாம் கட்டித்தான் எடுப்போம்னு டாக்டர் சொல்றார். கட்டிட்டா தலைக்கு எப்படிக்கா ரத்தம் போகும்?"

"பெரிய ரோட்டை யாரு லா தொடறா? அதுலேருந்து பிரியிற சின்னச் சந்துகளைத்தான் கட்டுவாங்க. மேலே ரெண்டு, கீழே ரெண்டு, மொத்தம் நாலு." தன் கழுத்திலேயே விரல் வைத்துக் காட்டினார். மேல்குழாய் கழுத்துப் பெருங்குழாயிலிருந்து இறங்குகிறது. கீழ்க்குழாய் தோளருகிலிருந்து ஏறி, வளைந்து, பின்புறமாக நுழைகிறது. "அந்த வளைவுலதான் குரல் நரம்பு குறுக்கே போகும். அதைப் பாத்துட்டுத்தான் டாக்டர் கட்டுவார்."

தாலியைக் கழற்றக் கூடாது என்று மாமியார் பிடிவாதம் பிடித்தார். "வெட்டுறதே கழுத்துலதாம்மா. கையில கட்டிடறேன், என் பொறுப்பு" என்று சமாதானம் சொன்னது கத்தோலிக்கரான தெரேசாக்காதான். என் மணிக்கட்டில் அதை வைத்துப் பட்டித்துணியும் சுற்றினார்.

கண் விழித்ததும், "பேரைச் சொல்லு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து, சத்தம் வராவிட்டால்? கழுத்தைத் தடவினேன், வெறும் கட்டுத்துணி. "தாலி எங்கேக்கா?" என்று கத்திவிட்டேன்.

"கையில லா! குரல் வந்துடுச்சு பாரு" என்று சிரித்தார்.

அடுத்த நாள் டாக்டர் என் கணவரிடம், சிலருக்கு மட்டும் இருக்கும் ஐந்தாவது குழாய் ஒன்று நெஞ்சுப் பக்கத்திலிருந்து நேராக ஏறி வந்திருந்தது, அதையும் கட்டினோம் என்றாராம். அக்காவிடம் கேட்டேன். "நாலுக்கே நீ அழுத. அஞ்சுன்னா ஓடியிருப்ப." பிறகொரு நாள் கேட்டதற்கு, "எனக்கே அன்னைக்குத்தான் தெரியும், போ" என்றார். எது உண்மை? மறைத்தாரா, இல்லை உண்மையிலேயே தெரியாதா? புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் அவர் சவப்பெட்டியருகே நின்றபோதும் இதுதான் மனதில் ஓடியது. அந்த நேரத்தில் நினைக்கிற விஷயமா இது?

போன வாரம் மகளைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனேன். "எத்தனை ஊசிம்மா?" என்று புடவையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸின் தட்டில் இரண்டு இருந்தன. நான் யோசிக்கவேயில்லை. "ஒண்ணுதான்டா கண்ணு" என்றேன்.

சொன்னது சரியா என்று தெரியவில்லை. தெரேசாக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான்.