ரெண்டு பக்கமும் சிங்கம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிட வாசலில் என் அப்பா மாயவன் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தார். ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தகர டப்பா. களமருதூரில் குத்தகைக்கு நெல் வைத்தவர். நிலத்துக்காரர் வயலை மனை போட்டு விற்றதும் டவுனுக்கு வந்தார். கான்ட்ராக்டர் எதிர்பார்த்த தகுதி ஒன்றுதான்: நாள் முழுக்க மூக்கைப் பொத்தாமல் உட்கார வேண்டும்.

சம்பளத்துக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் கணக்கு வேறு. மாவட்டத்தில் இத்தனை காசு கைமாறும் இடம் வேறு கிடையாது. அரிதான காசு ஒன்று என்றைக்காவது சில்லறையோடு சில்லறையாக வரும், அதன் அருமை தெரியாத ஒருவன் அவசரத்தில் அதைத் தன் கையில் வைத்துவிட்டு உள்ளே ஓடுவான் என்று நம்பினார். அந்த இடத்தில் எல்லோருமே அவசரத்தில் இருந்தார்கள் என்பது அவருக்குச் சாதகம்.

காசு வந்ததும் கட்டைவிரலால் தடவுவார். பிறகு வருடம் பார்ப்பார். அதன் பிறகு வருடத்துக்குக் கீழே இருக்கும் சின்னக் குறி. புள்ளி என்றால் நொய்டா, வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. அவர் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. எதிரே நிற்பவன் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பான்.

“காச ஒண்ணும் நான் அடிச்சிக்கினு வரலண்ணே. மொதல்ல உள்ள வுடு.”

“இரு நைனா. தொண்ணூத்தி மூணு போட்டுக்கீது.”

வெள்ளிமலை பஸ் வரும் நேரத்தில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். கல்வராயன் மலையில் காசு மெதுவாகத்தான் சுற்றும், பானையில் கிடக்கும், பழசெல்லாம் அங்கேதான் தங்கும் என்பது அவர் கொள்கை. கொள்கையில் தப்பில்லை. ஆனால் கான்ட்ராக்டர் மேசையில் கியூஆர் அட்டையை ஒட்டியதும் மலைக்காரர்களும் போனை நீட்ட ஆரம்பித்தார்கள். அப்பா அந்த அட்டை மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் பை, பெல்ட் கடை வைத்திருந்த ஜமால் முகமதுதான் சாயங்காலம் சில்லறையை வாங்கிக்கொண்டு நோட்டு கொடுப்பார். பத்து ரூபாய்க் காசை மட்டும் தொடமாட்டார். ஊரில் ஒருவரும் தொடுவதில்லை. செல்லும் என்று சர்க்கார் தொண்டை கிழியச் சொல்லியும் கள்ளக்குறிச்சி நம்பவில்லை. அதே கள்ளக்குறிச்சி, அஞ்சு ரூபாய்க் காசில் அம்மன் படம் இருந்தால் பத்து லட்சம் என்று யூடியூபில் எவனோ சொன்னதை உடனே நம்பியது. அப்பாவும் நம்பினார். அம்மன் போட்ட காசு நாற்பத்துமூன்று சேர்த்தார். வாங்க ஆள் வருவதாகவும் முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பும்படியும் போனில் ஒருவன் சொன்னான். அனுப்பினார். ஆள் வரவில்லை. என் அம்மா அமிர்தம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஜமால் பாய்தான் அதிகம் பேசினார். நாற்பத்துமூன்று அம்மனும் ஒரே கழிப்பிடத்துக்கு வந்தது பெரிய அதிசயம், கோயிலே கட்டலாம் என்றார்.

நான் ஒசூரில் பிரஸ் மெஷினுக்கு டை, அதாவது அச்சு, செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உலோகத் தகட்டில் அச்சு எப்படி விழும், எங்கே தப்பாக விழும் என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. போன மாசி மாதம், டை சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா கூப்பிட்டார்.

“சுபாஷு, ஒரு ரூவா காசு ஒண்ணு வந்துக்கீது. ரெண்டு பக்கமும் சிங்கம்.”

“ரெண்டு காச அறுத்து ஒட்டியிருப்பாம்ப்பா.”

“ஒட்டு இல்லடா. ஒரு பக்கம் மேடாக்கீது. இன்னொரு பக்கம் குழிஞ்சி, எழுத்தெல்லாம் திரும்பிக்கினு கெடக்குது. நீ அச்சு செய்யறவன்தானே? அசலா டூப்பா, அத மட்டும் சொல்லு.”

சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. டூப்பு, தூக்கிப் போடு என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் காசைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வாங்கி நேராக டப்பாவில் போட்டார். மாயவன் அண்ணனுக்குக் கண் போய்விட்டதா என்று பஸ் டிரைவர்கள் விசாரித்தார்கள். அம்மாவுக்கு நிம்மதி. பையன் படித்ததற்கு ஒரு பலன் கிடைத்தது என்று அத்தையிடம் சொன்னாளாம். ஆனால் அந்த ஒரு ரூபாயை அவர் தூக்கிப் போடவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

அந்தப் போனுக்கு நாற்பத்தோராம் நாள், காலை பத்தேகாலுக்கு, அந்த நாற்காலியிலேயே செத்துப்போனார். நெஞ்சுவலி. கான்ட்ராக்டரின் ஆள் வந்து முதலில் டப்பாவை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தான்.

வீட்டில் குளிப்பாட்டிப் படுக்கவைத்தார்கள். நெற்றியில் சந்தனம் குழைத்து அப்பி அதன் மேல் ஒரு ரூபாய்க் காசு வைக்க வேண்டும். காசு இல்லை. கூடத்தில் பதினாறு பேர் நின்றார்கள். எல்லோரிடமும் போன் இருந்தது. பத்தொன்பது வருடம் காசு வாங்கிய மனிதனின் நெற்றிக்கு ஊரில் ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. திருக்கோவிலூரிலிருந்து வந்த அத்தை செந்தமிழ்ச்செல்வி, ஆணியில் தொங்கிய அவர் சட்டையைத் துழாவி ஒன்றை எடுத்து அழுத்தி வைத்தாள். மேலே சிங்கம் தெரிந்தது. அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

சுடுகாட்டில் அந்தக் காசு அங்கே வேலை செய்கிறவருக்குச் சேரும். அது வழக்கம். சின்னக்கண்ணு என்று பெயர். குனிந்து, நகத்தால் நெம்பி எடுத்தார். சந்தனம் அதற்குள் காய்ந்திருந்தது.

அப்பா நெற்றியில் சிங்கம் இருந்தது. மேடாக. எழுத்துகள் நேராக.

ஒழுங்கான காசைச் சந்தனத்தில் அழுத்தினால் தடம் பள்ளமாக விழும், எழுத்து திரும்பி விழும். தடம் மேடாகவும் நேராகவும் இருந்தால் காசின் அந்தப் பக்கம் பள்ளம், எழுத்து திருப்பம். போனில் அப்பா சொன்னது அதையேதான். நாணயச் சாலையில் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, இன்னும் அடிக்காத அடுத்த வில்லை அதன் மேல் வந்து விழுந்து அடிபட்டால் இப்படி ஆகும். லட்சத்தில் ஒன்று கூட இருக்காது, சேகரிப்பவர்கள் தேடி வந்து விலை கொடுப்பார்கள். அது சாக்குமூட்டையோடு வெளியே வந்துவிட்டால் சில்லறையாகத்தான் சுற்றும்.

சின்னக்கண்ணு காசைத் துடைத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

“இன்னா தம்பி இது, ரெண்டு பக்கமும் சிங்கம்? செல்லாத காசையா அப்பனுக்கு வச்சீங்க?”

கூட்டம் நெளிந்தது. ஜமால் பாய் அவசரமாகப் பையைத் துழாவிப் பத்து ரூபாய்க் காசு ஒன்றை நீட்டினார். எப்படியோ அவரிடம் வந்து மாட்டியிருந்தது.

“அத எவன் பாய் வாங்கறான்?” என்றார் சின்னக்கண்ணு.

யாரோ ஒருவர் கடைசியில் நல்ல ஒரு ரூபாய் கண்டுபிடித்துக் கொடுத்தார். பாய் அதை வாங்கி என் கையில் வைத்து, மாத்திக் குடுத்துடுப்பா, சாவுல எதுக்குப் பேச்சு என்றார்.

நான் சின்னக்கண்ணுவின் உள்ளங்கையில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். நல்ல பக்கத்துச் சிங்கம் நசுங்கவில்லை. விளிம்பு பிதுங்கவில்லை. ஒட்டு இல்லை. பட்டறை வைஸில் இன்னொரு காசோடு சேர்த்து நசுக்கிய போலியாக இருந்தால் அந்த அடையாளம் இருந்திருக்கும். பார்த்து முடிக்க அரை நிமிடம் கூட ஆகவில்லை. மாசி மாதம் அந்த அரை நிமிடம் என்னிடம் இல்லை.

மாற்றி வாங்கிக்கொண்டால் காசு வீட்டுக்கு வரும். டூப்பு என்று இரண்டாம் தடவையும் நானே சொன்னதாக ஆகும், இந்த முறை அப்பா எதிரிலேயே.

“மாத்த வேணாம் பாய். இது அசல்.”

“ரெண்டு பக்கமும் ஒண்ணாக்கீதேப்பா.”

“அசல்தான். நான் அச்சு செய்யறவன். நல்லா பாத்துட்டேன்.”

சின்னக்கண்ணு என்னையும் காசையும் பார்த்தார். டீக்கடைக்காரன் வாங்க மறுத்தால் உன் பேரைச் சொல்கிறேன் என்றார். சொல்லுங்கள் என்றேன். காசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கொள்ளியை என் கையில் கொடுத்தார்.