பலகையின் நடுவில் லோர்னா

ஓக்லஹோமாவில் எங்கள் ஊர்த் துப்பாக்கி மைதானத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு மரப்பலகை இருக்கிறது. தப்பான அளவுத் தோட்டாவைச் சுட்டவர்களின் வீங்கிப்போன பித்தளைக் கூடுகளை அதில் ஆணியடித்து, கீழே பெயரும் எழுதி வைப்போம். ஆணியடிப்பவள் லோர்னா டீக். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் பாதுகாப்பு அதிகாரி. வாய் என்றால் அப்படியொரு வாய்! எங்கள் போலீஸ் தலைவர் ஷெரீஃபின் கூட்டையே சிரித்துக்கொண்டு அடித்தவள். அவள் பெயர் மட்டும் பலகையில் கிடையாது. அதில் அவளுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டுதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

போன இலையுதிர் காலத்துப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை அவள்தான் முன்னணி. பரிசு ஒரு வெள்ளி பெல்ட் பக்கிள். வருடா வருடம் அதை எல்வின் ஹாஸ்கெல் தட்டிக்கொண்டு போவான். போதாக்குறைக்கு அதை மாட்டிக்கொண்டு சர்ச்சில் அவளுக்கு முன் வரிசையில் போய் நிற்பான். இந்த முறை விடுவதில்லை என்று லோர்னா கங்கணம் கட்டியிருந்தாள்.

அன்று காலை சிநேகிதி வெர்லீனுக்குத் தோட்டா தீர்ந்துபோனது. அவளுடையது ஒன்பது எம்.எம். துப்பாக்கி. லோர்னா தன் வண்டியில் கிடந்த அதே அளவுத் தோட்டாக்களில் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். வெர்லீன் மிச்சத்தைத் திருப்பித் தந்தபோது, பேச்சு சுவாரஸ்யத்தில் லோர்னா அதைத் தன் இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குள் இருந்தவை அவள் துப்பாக்கிக்கான நாற்பது காலிபர் தோட்டாக்கள், வெர்லீனுடையவற்றைவிடப் பருமனானவை. "ஒரு பைக்கு ஒரே அளவு!" என்று ஊர் முழுக்கக் கத்துகிறவளும் அவளேதான்.

கடைசிச் சுற்றில் டமார் டமார் என்று போய்க்கொண்டிருந்தவளின் கையில் திடீரென்று 'பொத்' என்றது. துப்பாக்கி உதைக்கவே இல்லை. காலடியில் வீங்கிய கூடு விழுந்தது. மற்றவர்களும் சுட்டுக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. அடுத்ததைச் சுட்டுவிட்டால் பக்கிள் அவளுக்குத்தான். ஆனால் குழலுக்குள் குண்டு சிக்கியிருந்தால் குழலே பிளந்துவிடும், பக்கத்தில் வெர்லீன் நிற்கிறாள். பெரும்பாலும் சிக்காது என்பதும் லோர்னாவுக்குத் தெரியும். அந்த ஒரு நொடி அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நிறுத்துங்க! எல்லாரும் சுடுறத நிறுத்துங்க!"

மைதானம் அடங்கியது.

"தப்புத் தோட்டா சுட்ட புண்ணியவான் எவன்டா?" என்றான் எல்வின்.

"நான்தான்."

துப்பாக்கியைக் காலி செய்து குழலைப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லையேடி! பேசாம சுட்டிருக்கலாம்ல? யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் வெர்லீன்.

"உன் மூஞ்சி பத்திரமா இருக்குல்ல? வாய மூடிட்டுப் போ."

சுற்றை நிறுத்தியவருக்கு அந்தச் சுற்று போச்சு. பக்கிள் எல்வினுக்குப் போனது. அவன் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "இந்த நாளுக்காகத்தான் உசுரக் கையில புடிச்சிட்டு இருந்தேன்!"

"குடு இங்க. அது என் வேலை," என்று பிடுங்கிக்கொண்டாள் லோர்னா. மூலையில் அடிக்கவில்லை. பலகையின் நட்டநடுவில் அடித்து, ஷெரீஃபின் பெயரைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதினாள்.

இப்போது புதிதாக யார் வந்தாலும் எல்வின் பக்கிளைக் காட்டுவதில்லை. நேரே பலகைக்கு இழுத்துக்கொண்டு போகிறான்.

"இது எங்க லோர்னா. அவ நிறுத்துன்னா மறுபேச்சு பேசாம நிறுத்திடணும், தெரியுதா? ஜெயிக்கப்போற நேரத்துல தன்னையே நிறுத்துனவ அவ."