மாத்திரை எண்ணப் போனவன்

எண்பதுகளின் கடைசியில், வரலாற்றில் எம்.ஏ. முடித்த கையோடு எனக்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி. அங்கே காசநோய்க்குப் புது மருந்து ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சேலையூரில் என் வீட்டார் அக்கம்பக்கத்தில், "பையன் மெடிக்கல் ரிசர்ச்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. என் ஆராய்ச்சி இதுதான்: நோயாளியின் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பேன். மாத்திரை டப்பாவை வாங்கித் திறந்து, மிச்சம் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவேன். கணக்குச் சரியாக இருந்தால் ஆள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று எழுதிக்கொண்டு வருவேன். ஒன்றாம் வகுப்பிலேயே எனக்கு இந்தத் தகுதி வந்துவிட்டது. எம்.ஏ. வரை காத்திருந்தது வீண்.

அதுவரை காசநோயை நான் ரஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்பில்தான் பார்த்திருந்தேன். வெளிறிய முகமுள்ள ஒருத்தி வெள்ளைக் கைக்குட்டையில் இருமுவாள், நாற்பது பக்கம் தத்துவம் பேசுவாள், பனி கொட்டும் ஒரு நாளில் இறந்துபோவாள். தாம்பரத்துக்கும் அனகாபுத்தூருக்கும் இடையே இந்த நோய்க்கு யாரும் அவ்வளவு பக்கங்கள் ஒதுக்கவில்லை. இருமினார்கள், வேலைக்குப் போனார்கள். போக முடியாதபோது எங்களிடம் வந்தார்கள்.

வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ள முடியாது. வேறெங்காவது ஏற்கெனவே இந்த நோய்க்கு மருந்து எடுத்தவர் என்றால் சோதனையில் இடமில்லை. குணமானால் அது எந்த மருந்தின் வேலை என்று தெரியாது அல்லவா? சேர்ந்தவரும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் பொது மருந்தகத்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். அங்கே ஒரு வாரம் மருந்து இருக்கும், ஒரு வாரம் இருக்காது. எங்கள் பட்டியலில் பெயர் இருக்கும்வரை மருந்து உண்டு, உயிர் உண்டு. இதை என்னைவிட நோயாளிகள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்து ஒன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் வந்தார்கள். இருவரும் தோல் கம்பெனியில் கூலிகள், இருவருக்கும் ஒரே இருமல். படிவம் நிரப்பியது நான்தான். "முன்னாடி எங்கேயாவது ஊசி போட்டுக்கிட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க, உங்க நல்லதுக்குத்தான்" என்று தேனாகக் கேட்டேன். அண்ணன் இல்லை என்றார். தம்பி, பொது மருந்தகத்தில் இரண்டு மாதம் ஊசி போட்டுக்கொண்டதையும், தினமும் வரிசையில் நின்றால் கூலி போகிறதென்று நிறுத்திவிட்டதையும் ஒளிக்காமல் சொன்னான். அண்ணனைச் சேர்த்துக்கொண்டார்கள். உண்மை சொன்னவனைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த அண்ணன்தான் என்னுடைய மிகச் சிறந்த நோயாளி. எப்போது போனாலும் கணக்கு அச்சுப் பிசகாது. சோதனையை நடத்திய டாக்டர் அம்மா, "உங்க அனகாபுத்தூர் ஆள் எப்படி?" என்று கேட்பார். "தங்கம், மேடம்" என்பேன். வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வந்தபோது அவருடைய ஃபைலைத்தான் எடுத்துக் காட்டினோம். நான் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றேன்.

என் திடீர் விஜயங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பஸ் கட்டணம் வாங்க வேண்டுமானால் பயணத் திட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் ஆன எந்தத் திட்டத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. ஆகவே யார் வீட்டுக்கு எந்தக் கிழமை திடீரென்று போகப்போகிறேன் என்பதை நானே இரண்டு கார்பன் வைத்து டைப் அடித்து, நானே பசை தடவி ஒட்டுவேன். பலகை இருந்தது மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே. திங்கட்கிழமைதோறும் நோயாளிகள் அதன் கீழேதான் காத்திருப்பார்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் பட்டதாரிகள்.

நான்காவது மாதம் அண்ணனின் சளியில் கிருமி அப்படியே இருந்தது. எக்ஸ்ரேயிலும் மாற்றமில்லை. மாத்திரைக் கணக்குச் சரி. திங்கட்கிழமை மாத்திரையை நர்ஸ் கண்ணெதிரே விழுங்குவார் என்பதால், உடம்பில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனையும் சரி. ஆள்தான் சரியில்லை. டாக்டர் அம்மாவுக்கு மருந்தின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. உடனே இன்னொரு எக்ஸ்ரே வேண்டும் என்று சீட்டு எழுதி, மறுநாள் காலையிலேயே கொடுக்கச் சொன்னார். பலகையில் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை நான் அனகாபுத்தூரில் இறங்கினேன்.

கதவு திறந்திருந்தது. நோயாளியின் மனைவி தரையில் உட்கார்ந்து, அன்றைய மாத்திரைகளைக் கத்தியால் பாதிபாதியாக வெட்டிக்கொண்டிருந்தார். எதிரே அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், நீ வியாழக்கெழமதான வரணும்? பலகைல அப்டிதான போட்டு கீது?"

"என்னம்மா பண்றீங்க?"

"டப்பாவ எண்ணிப் பாரு சார். ஒண்ணு கொறையாது."

குறையாதுதான். தினமும் டப்பாவிலிருந்து ஒரு நாள் மாத்திரை வெளியே வந்தது. அது எத்தனை வாய்க்குப் போனது என்பதை எண்ண எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"பாதி மாத்திரை ரெண்டு பேரையுமே காப்பாத்தாதும்மா. கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் எதுக்கும் அடங்காது."

"ஒரே வூடு, ஒரே நோவு. இவருக்கு மட்டும் குட்த்துட்டு அவன் இருமறத பாத்துகினு இருன்றியா? அப்ப அவனுக்கும் ஒரு டப்பா குடு. நான் ஏன் வெட்டறேன்?"

தம்பி சிரித்தான். "வுடு அண்ணி. உண்மைய சொல்லு சொல்லுன்னு கேட்டவராச்சே. அவரப் போயி கேக்கற."

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "மேல சொல்லிடாத சார். பேர அடிச்சிடுவாங்க."

"பாக்கறேன்" என்றேன். தமிழில் இவ்வளவு வசதியான சொல் வேறு கிடையாது.

திரும்பும்போது தாம்பரத்தில் ஏறிய ரயிலில் யோசித்தேன். நடந்ததை நடந்தபடி, உருக்கமாக எழுதினால் தம்பிக்கும் மருந்து கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன். ரஷ்ய நாவல் படித்தவனுக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் வரும். இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் நான் கண்டது, இரண்டாம் பக்கத்தில் இருவருக்கும் முழு மருந்து கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை. டாக்டர் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு அதைச் சோதனையை மேற்பார்த்த கமிட்டிக்கு அனுப்பினார்.

கமிட்டிக்கு முதல் பக்கம் போதுமானதாக இருந்தது. விதியை மீறியதால் அண்ணன் பெயர் நீக்கப்பட்டது. தம்பி சோதனையிலேயே இல்லாதவன், அவனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அறையில் எல்லோர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. "நல்லவேளை, மருந்துமேல தப்பில்லை" என்றார் ஒரு பெரியவர். என் தோளிலும் தட்டினார். டாக்டர் அம்மா பொது மருந்தகத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்தார். அவரால் முடிந்தது அது.

மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கி வரவேண்டும் என்பதும் விதி. நான்தான் போனேன். அண்ணனின் மனைவி டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அண்ணன் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாங்கிக்கொண்டேன். தொலைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பஸ் தாம்பரம் வந்த பிறகுதான் அது தோன்றியது. அப்போதும் நான் திரும்பிப் போகவில்லை.

சோதனை வெற்றியாக முடிந்தது. குணமானவர் பட்டியலில் அண்ணன் இல்லை, குணமாகாதவர் பட்டியலிலும் இல்லை. பாதியில் நீக்கப்பட்டவர் முடிவுகளில் சேரமாட்டார்.

சில வருடங்கள் கழித்து, அந்த வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கூட்டத்தில் ஒரு குரல்: "சார், மாத்திர சார்தான நீ?"

மாத்திரை வெட்டிய அந்த அம்மாதான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"தம்பி அந்த வர்சமே பூட்டான். இவரு அடுத்த மழைக்கு." பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஆமா, அந்த மருந்து கடசில நல்லதுதானா?"

"நல்ல மருந்துதாம்மா. இப்ப எல்லாருக்கும் தர்றாங்க."

"முன்ன ஊசி போட்டவங்களுக்கும்?"

"அவங்களுக்கும்."

"அப்ப சரி" என்றார்.

செங்கல்பட்டு பஸ் வந்தது. அந்த அம்மா முண்டியடித்து ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, பக்கத்து இடத்தில் எனக்காகப் பையை வைத்துக் கைகாட்டினார். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிட்டேன்.