தையல் மிஷினில் திரும்பி வந்த என் கிளட்ச் கால்

ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் இடது கணுக்கால் உடைந்தது. டிரைவருக்கு இடது கால் என்றால் கிளட்ச். கிளட்ச் மிதிக்க முடியாதவன் டிரைவர் இல்லை. திரும்பவும் பஸ்ஸில் ஏறி உட்கார எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் கர்த்தர் எனக்குச் செய்ததை, அன்பான சகோதர சகோதரிகளே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெபமணி. வயது நாற்பத்தெட்டு. பசுவந்தனைப் பக்கம் ஒரு சின்ன ஊர். கோவில்பட்டிக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடமாக டிரைவர். இத்தனை வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கியதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமை பேசாதீர்கள் என்று என் மனைவி கிரேஸ் அடிக்கடி சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவள் பேச்சைக் கேட்பதில்லை.

அன்று எனக்கு லீவு. முந்தின நாள் நல்ல மழை. எங்கள் உளுந்துப் புஞ்சையில் தண்ணீர் கட்டி நிற்கிறதா என்று பார்க்க பைக்கில் போனேன். நனைந்த கரிசல் மண் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் போனேன். மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. வண்டி சறுக்கி என் கால் மேலேயே விழுந்தது. பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன், சொந்தப் புஞ்சைக்குப் போகிற வண்டிப் பாதையில் காலை ஒடித்துக்கொண்டு கிடந்தேன்.

திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று என் காலைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. கெண்டைக்கால் சதை முழுக்க வற்றி, தோல் செதில் செதிலாக உரிந்தது. கணுக்கால் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இனி தினமும் பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரம் வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். என் தலையில் கை வைத்து, "நாப்பது நாளில நடப்பீங்க பிரதர்" என்றார். நான் அந்த வார்த்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கொடுத்த தாளைத் தலையணைக்கு அடியில் சொருகினேன். கர்த்தர் நடக்க வைக்கப் போகிறார், நடுவில் நான் எதற்குக் காலை ஆட்டிப் பார்க்க வேண்டும்? அது அவிசுவாசம் இல்லையா? தினமும் ஒரு வேளை சாப்பிடாமல் உபவாசம் இருந்து, காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்து, நாற்பது நாளும் அசையாமல் படுத்திருந்தேன். ஊழியக்காரர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் நடப்பாய் என்றுதான் சொன்னார். படுத்திரு என்று சொல்லவில்லை. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

உண்மையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். விசுவாசம் பாதி என்றால், வெட்கம் மீதிப் பாதி. டிரைவர் ஜெபமணி வாக்கரைப் பிடித்து நொண்டுவதை யாரும் பார்க்கக் கூடாது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக்கூட நான் போகவில்லை. ஆலயத்தில் பாடினது படுக்கை வரைக்கும் கேட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நாற்பத்தொன்றாம் நாள் காலையில் ஜெபம் பண்ணி, வாக்கரை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தேன். ஓர் எட்டு வைத்தேன். கணுக்கால் மடங்கவே இல்லை. அப்படியே பீரோவில் மோதி விழுந்தேன். கிரேஸ் ஓடி வந்து தூக்கப் பார்த்தாள். தொடாதே என்று கத்தினேன். தரையில் கிடந்தபடியே அழுதேன். அதுவரைக்கும் என் ஜெபமெல்லாம் கர்த்தருக்கு நான் போட்ட உத்தரவாகத்தான் இருந்தது. காலைத் தாரும், பழையபடி தாரும், சீக்கிரம் தாரும். அன்றுதான் முதல்முறையாக, "ஆண்டவரே, என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. நீரே சொல்லும், கேக்கேன்" என்று ஜெபித்தேன்.

அன்று மத்தியானமே கிரேஸ் என்னை ஆட்டோவில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனாள். அங்கே காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் முத்துலட்சுமி, எட்டயபுரத்துக்காரி. என் மகள் வயதுதான் இருக்கும். காலைத் திருகிப் பார்த்தாள். எனக்கு உயிர் போனது. அவள் முகத்தில் இரக்கமே இல்லை.

"கணுக்கால் துருப்பிடிச்சுப் போச்சு அண்ணாச்சி. வீட்ல தையல் மிஷின் இருக்கா?"

"இருக்கு. அது என் வீட்டுக்காரி மிஷினு."

"மோட்டாரா, கால்ல மிதிக்கிறதா?"

"மிதிக்கிறதுதான்."

"அப்ப இனிமே அது ஒங்க மிஷினு. காலையில, சாயந்திரம், செருப்பில்லாம இடது காலை மட்டும் வச்சு மிதிக்கணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினவனைப் பாவாடை தைக்கச் சொல்கிறாளே! ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் புலம்பினேன். கிரேஸ் வீடு வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே போடு போட்டாள்.

"காலையில தரையில கெடந்து என்ன ஜெபம் பண்ணுனிய? நீரே சொல்லும், கேக்கேன்னுதான? அவரு மத்தியானமே சொல்லிட்டாரு. இப்ப கேக்க மாட்டேங்கிறிய. எந்த ஊரு நியாயம் இது?"

மறுநாள் காலை மிஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

வலியைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. கால் உடைந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. ஆனால் அந்த மிஷின் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! முன்னால் மிதித்தால் சக்கரம் பின்னால் சுற்றும். நூல் பட்டென்று அறுந்துபோகும். ஐம்பத்தைந்து சீட் வண்டியை ரிவர்ஸில் சந்துக்குள் விடுகிற எனக்கு, ஒரு தையல் மிஷினை முன்னால் ஓட்டத் தெரியவில்லை. முதல் நாள் பதினேழு முறை நூல் அறுந்தது. ஒவ்வொரு முறையும் கிரேஸ் வாயைப் பொத்திச் சிரித்தபடி நூல் கோத்துக் கொடுத்தாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

மிதிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும், "ஆண்டவரே, இந்தப் பத்து நிமிஷத்துக்குப் பெலன் தாரும்" என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிஷத்துக்கான பெலன் வந்தது. மாசி பிறந்தபோது பாதம் கொஞ்சம் மடங்கியது. பங்குனியில் நூல் அறுவது நின்றது. சும்மா மிதிப்பானேன் என்று கிரேஸ் துணியை வெட்டிக் கொடுக்க, அவள் தைத்து விற்கும் உள்பாவாடைகளுக்கு நேர்த்தையல் போட ஆரம்பித்தேன்.

ஒருநாள் எங்கள் பஸ் கண்டக்டர் மாரியப்பன் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டான். கையில் ரோஸ் கலர் பாவாடையோடு பிடிபட்டேன்.

"ஏ அண்ணாச்சி! என்ன, ரூட்ட மாத்திட்டியளா?"

வெட்கத்தில் எனக்குக் காது சூடானது. ஆனால் மறைக்கவில்லை. துணியை அவனிடம் நீட்டினேன்.

"தையல் எங்கயாவது கோணியிருக்கான்னு பாருடே."

அவன் கரை முழுவதும் பார்த்தான். கோணவில்லை. சிரிப்பை விட்டுவிட்டு என் காலைப் பார்த்தான். மறுநாள் பஸ்ஸின் பழைய டியூபிலிருந்து நீளமாக ஒரு பட்டை வெட்டிக் கொண்டுவந்து தந்தான். அதைக் கட்டிலில் கட்டி, பாதத்தில் மாட்டி, தினமும் இருநூறு தடவை கிளட்ச் போல அழுத்தினேன். சாயந்திரம் வாக்கர் இல்லாமல் ஊரின் நடுத்தெருவில் நடந்தேன். நொண்டித்தான் நடந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன். ஈஸ்டர் அன்று ஆலயத்துக்கு என் காலாலேயே போனேன்.

வைகாசிக் கடைசியில் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என்னை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். சாவியை என்னிடமே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஆனி முதல் வாரம் திங்கட்கிழமை, காலை டிரிப். பள்ளிக்கூடம் திறந்த நேரம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஓடைப் பாலத்து ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பேன், குறுக்கே ஆட்டு மந்தை. நிறுத்தித்தான் ஆக வேண்டும். பின்னால் ஒட்டினாற்போல ஒரு கார் நிற்கிறது. என் வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டாலும் கார் நசுங்கும். ஆடு கடைசியாகத் தாண்டியதும் பிரேக்கை விட்டுக் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பிளேட் வைத்த கால் நடுங்குமா? "இயேசுவே" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். கால் சொன்னபடி கேட்டது. வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் ஏறியது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மாரியப்பன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். ஏதோ நடந்தது என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு டிரைவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணீர் வழிய வழிய, ஸ்தோத்திரம் சொன்னேன். அன்று என் ஆண்டவரைப் பற்றியும் பெருமைப்பட்டேன், என் காலைப் பற்றியும் பெருமைப்பட்டேன், என் கிரேஸைப் பற்றியும் பெருமைப்பட்டேன்.

இப்போது நான் மாறியிருக்கிறேன். கர்த்தருக்கு உத்தரவு போடுவதை நிறுத்திவிட்டேன். யாராவது உதவி செய்ய வந்தால் தொடாதே என்று கத்துவதில்லை. லீவு நாளில் இன்றைக்கும் ஒரு மணி நேரம் தைக்கிறேன். எங்கள் சபைப் பெண்கள் பலர் கிரேஸிடம் வாங்கிய பாவாடைகளை யார் தைத்தது என்று இதுவரை அவர்களுக்குத் தெரியாது. இதை எழுத வேண்டாம் என்று கிரேஸ் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது என்னைப் போல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். ஜெபம் பண்ணியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று நொந்திருக்கலாம். அவரை நம்புங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், அவர் சொல்வார். நீங்கள் எதிர்பாராத ஆளை வைத்துச் சொல்வார், உங்களுக்குப் பிடிக்காததாகவும் சொல்வார். ஆமென் சொல்லிவிட்டு, வலித்தாலும் பரவாயில்லை, உடனே காலைக் கட்டிலிலிருந்து கீழே வையுங்கள்.